வண்டிக்காரரை யார் கணக்கில் எடுத்தார்கள்?

கோப்பைகள் கழுவி அடுக்கிவிட்டு, கடைசி மெத்ரோவைப் பிடிக்க ஓடும்போதும் எங்களுக்குள் அந்த விவாதம் ஓய்வதில்லை. நல்ல முடிவுக்காகச் செய்யப்படும் அநியாயம் நியாயமாகிவிடுமா? "இலட்சியம் பெரிசு, அதுக்குள்ள இதெல்லாம் பாக்கேலாது" என்பார் ஒருவர். "செத்தவனுக்கு உங்கட இலட்சியம் என்ன செய்யும்?" என்பார் மற்றவர். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவந்த நாம் அப்போதெல்லாம் ரஷ்ய வரலாற்றின் ஒரு சம்பவத்தையே நினைத்துக்கொள்கிறோம்.

1905ம் ஆண்டு, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி பெப்ரவரி 2ந் திகதி இரவு. சார் மன்னனின் சித்தப்பா இளவரசர் செர்கேய் மொஸ்கோவில் நாடக அரங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். 1891இல் அந்நகரிலிருந்து யூதர்களை ஆயிரக்கணக்கில் வெளியேற்றிய ஆட்சியாளர் அவர். தெருவில் குண்டோடு நின்றவர் இவான் கலியாயேவ்; சோசலிசப் புரட்சியாளர் கட்சியின் போர்ப்பிரிவைச் சேர்ந்தவர், கவிஞர், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட மாணவர். வண்டி நெருங்கியது. உள்ளே இளவரசரோடு மனைவி எலிசவெத்தாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஓங்கிய கை இறங்கியது. தோழர் சவின்கோவிடம் போய், தான் செய்தது சரியா என்று கேட்டார். சரி என்றார் சவின்கோவ். தனது நினைவுக் குறிப்பிலும் இதைப் பதிந்துள்ளார்.

இரண்டு நாட்களின் பின் இளவரசர் பிள்ளைகளின்றி வந்தார். குண்டு வீசப்பட்டது. அவர் அந்த இடத்திலேயே இறந்தார்.

எலிசவெத்தா சிறைக்குச் சென்று கலியாயேவைச் சந்தித்து, ஒரு திருவுருவப் படத்தைக் கொடுத்தார். கலியாயேவ் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார். எடுத்த உயிருக்குத் தன் உயிரைக் கொடுப்பதே கணக்கு என்பது அவர் எண்ணம். அவ்வாண்டு மே மாதம் தூக்கிலிடப்பட்டார். 1949இல் அல்பேர் கமுய் பாரிசில் இதை நாடகமாக்கினார்.

இந்தக் கதையைப் பேசுகிற எல்லோரும் தப்பிய பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறார்கள். வண்டியோட்டி அந்திரேய் ருதின்கினும் அக்குண்டில் படுகாயமடைந்து சில நாட்களில் இறந்தார். அவருக்காக எவரும் கையை இறக்கவில்லை. எலிசவெத்தா மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது, இளவரசர் எப்படியிருக்கிறார் என்று அவர் கேட்டாராம். "அவர்தான் என்னை அனுப்பினார்" என்று எலிசவெத்தா பொய் சொன்னார் என்று சொல்லப்படுகிறது.

குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். எம்மவர் இதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பெற்ற தாயின் பசியைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று அவரே வினைத்தூய்மையில் சொன்னது மறந்துபோகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்று நினைக்கிறோம். எலிசவெத்தாவின் பொய்க்கு எவரும் விலை கொடுக்கவில்லை. கலியாயேவின் குண்டுக்குத் தன் உயிரைத் தவிர இன்னொருவரின் உயிரும் விலையாகப் போனது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

முடிவாவது நல்லதாக வந்ததா? அந்தப் போர்ப்பிரிவின் தலைவர் அசேவ் பொலிஸிடம் சம்பளம் வாங்கியவர் என்பது 1908 முடிவில் அம்பலமானது. 1918 யூலையில் சார் மன்னனின் ஐந்து பிள்ளைகளும் பெற்றோருடன் சுட்டுக் கொல்லப்பட்டனர். கடைசிப் பையனுக்கு 13 வயது. கலியாயேவ் குண்டோடு நின்ற இரவில் அவன் ஆறு மாதக் குழந்தை. அடுத்த நாள் எலிசவெத்தாவையும் சுரங்கக் குழிக்குள் தள்ளினார்கள். சுட்டவர்கள் வேறு கட்சியினர்தான். ஆனால் வண்டிக்குள் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்க்கும் வழக்கம் 13 ஆண்டுகளுக்குள் இல்லாமற் போயிருந்தது.

எங்கள் வரலாற்றிலும் வண்டிக்காரர்கள் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், தமிழர் விடுதலையின் பெயரால், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் 2 மணித்தியாலம். அந்த வீடுகளின் சாவிகளைப் பற்றி எங்கள் வீடுகளில் எவரும் பேசி நாம் கேட்டதில்லை. எங்கள் வீட்டுச் சாவிகளை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இலட்சியத்தை நாம் பழிக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களின் பெயரையாவது முதலில் சொல்லுவோம் என்கிறோம். பிறகு விவாதிக்கலாம்.