வெட்டித் தீர்த்த காடு மீண்ட கதை

மார்க் ட்வைன் என்றதும் டாம் சாயர் குகைக்குள் வழி தவறிய கதைதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அந்த எழுத்தாளர் பெயரில் ஒரு தேசியக் காடு இருக்கிறது. சுமார் 15 லட்சம் ஏக்கர். குகை, ஆறு, நீரூற்று, கூடாரம் போட்டுத் தங்க இடம் எல்லாம் உண்டு. ஆனால் டாம் தொலைந்த குகை மட்டும் அங்கே இல்லை! அது வடகிழக்கே ஹானிபல் ஊர்ப் பக்கம். காடு இருப்பதோ தெற்கே, ஓசார்க் மலைப்பகுதியில்.

பெயரை வைத்து ஏமாறுவது போலவே மரங்களைப் பார்த்தும் ஏமாறலாம். இது ஆதிகாலம் முதல் அப்படியே இருந்த காடு என்று நினைத்தால் தப்பு. நூறு வருடங்களுக்கு முன்னால் பல இடங்களில் அடிக்கட்டைகள்தான் மிச்சம்.

1880களில் ரயில் பாதை வந்ததும் மரக் கம்பெனிகளும் வந்தன. ஷார்ட்லீஃப் பைன் மரங்கள் குறி. கிராண்டின் என்ற ஊரில் இருந்த மர அறுவை ஆலை 1900ஐ ஒட்டிய வருடங்களில் நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ரயில்வேக்கான ஸ்லீப்பர் கட்டைகளைக் கட்டி ஆற்றிலேயே மிதக்க விட்டார்கள். சுற்றிலும் மரம் தீர்ந்ததும் 1909-ல் ஆலையை மூடிவிட்டு வேறு இடம் போனது கம்பெனி.

மொட்டை நிலம் விவசாயிகள் கைக்குப் போனது. கல்லும் சரளையுமான மண்ணில் என்ன விளையும்? புல் வளரட்டும் என்று வருடா வருடம் தீ வைத்தார்கள், மாடும் பன்றியும் மேய விட்டார்கள். மழை மண்ணை அரித்து ஆறுகளில் சரளையைக் கொண்டு சேர்த்தது. வரி கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப் போனவர்களும் உண்டு.

ஆறுகளைக் காக்க, அவற்றின் நீர்ப்பிடிப்பு நிலங்களை அரசு விலைக்கு வாங்கலாம் என்று 1911-ல் 'வீக்ஸ் சட்டம்' வந்திருந்தது. மிசௌரியில் 1930களில்தான் அது வேலை செய்தது. பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் 1933-ல் ஒரு படையைத் தொடங்கினார். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பையன்கள் கன்று நட்டார்கள், தீ அணைத்தார்கள், பாதை போட்டார்கள். கிட்டத்தட்ட நம் வயதுதான் அவர்களுக்கும். 1939 செப்டம்பர் 11-ல் மார்க் ட்வைன், கிளார்க் என இரண்டு தேசியக் காடுகள் அறிவிக்கப்பட்டன. 1976-ல் இரண்டும் ஒன்றாயின.

இனி சுற்றிப் பார்க்கலாம். இந்த மலைகளின் பாறையை மழை நீர் மெல்லக் கரைக்கும். அதனால்தான் இத்தனை குகைகள், ஊற்றுகள். கிரீர் ஊற்றில் ஒரு நாளைக்கு 20 கோடி கேலனுக்கு மேல் தண்ணீர் வருகிறது. அது சேரும் 'லெவன் பாயின்ட்' ஆற்றின் நீரோட்டமே அங்கே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. 1968-ல் அமெரிக்கா முதன்முதலாகச் சட்டம் போட்டுப் பாதுகாத்த எட்டு ஆறுகளில் அதுவும் ஒன்று. படகில் மிதந்து போய்க் கரையில் கூடாரம் போடலாம்.

குகைகள் விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. வவ்வால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோய் 2006-ல் நியூயார்க் மாநிலத்தில் தலைகாட்டியது. காரணம் ஒரு பூஞ்சை. நம் செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட அது வேறு குகைக்குப் போகும். 2009-ல் வனத்துறை அந்தப் பிராந்தியத்துக் குகைகளை மூடியது. எனவே எந்தக் குகைக்குள் போகலாம் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கடைசியாக ஒரு நல்ல சேதி. பைன் மரங்களோடு காணாமல் போன பறவை 'பழுப்புத் தலை நட்ஹாட்ச்'. நூறு வருடத்துக்கும் மேல் மிசௌரியில் அது இல்லை. 2020-லும் 2021-லும் பக்கத்து அர்க்கன்சாஸிலிருந்து பிடித்து வந்து இந்தக் காட்டில் விட்டார்கள்.

வெட்ட ஒரு தலைமுறை போதுமாக இருந்தது. ஒரு சிறு பறவை திரும்பி வர நான்கு தலைமுறை ஆகியிருக்கிறது. அடுத்த முறை எந்தக் காட்டுக்குப் போனாலும், இதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் நண்பர்களே.