தாய்லாந்து மொழியிற் செவிப்புலச் சோதனைச் சொற்பட்டியல்

போர்க்காலத் தொடர்புக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்விற் பிறந்த ஹார்வர்ட் சொற்பட்டியல்களை ஈகன் 1948 இல் வெளியிட்டார். பட்டியலொன்றில் 50 ஓரசைச் சொற்கள். பேச்சில் ஒலிகள் பயிலும் விகிதமே அவற்றின் அளவுகோல். செவிப்புலச் சோதனைக்கும் அவை பயன்பட்டன.

தாய்லாந்து மொழிக்கு அவற்றை மொழிபெயர்த்துப் பயனில்லை. அங்கு ஐந்து தொனிகள் பொருளை வேறுபடுத்துகின்றன: 'கா' என்பது ஏறுதொனியிற் கால்; உயர்தொனியில் வணிகம்; இறங்குதொனியில் மதிப்பு. தொனியைத் தாங்குவன தாழ்ந்த அதிர்வெண்கள். உயர் அதிர்வெண்களைக் கேளாதார் மெய்யொலியைத் தவறவிட்டும் தொனியை உணரக்கூடும். ஆகவே தொனியின் விகிதமும் பேணப்படல் வேண்டும்.

2014 இல் தம்மசாத் பல்கலைக்கழக ஆய்வாளர், பாங்கொக்கின் ராமதிபோதி மருத்துவமனையோடு இணைந்து, பெருந்தொகையான எழுத்துரைகளைக் கணக்கிட்டு ஒலிச்சமநிலைப் பட்டியல்களை ஆக்கினர். எனினும், எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு. ஏட்டுச் சொல்லை அறியாத உழவர் செவிப்புலன் குன்றியவராகக் கணிக்கப்படின், அங்கு அளக்கப்படுவது அவரது பள்ளிப்படிப்பேயாகும். யாவரும் அறிந்த சொற்களைத் தெரிதலே நீதி.