கோட்டையின் ஆசனமும் புறக்கோட்டையின் விண்ணப்பமும்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து போனால் பத்து, பதினைந்து நிமிடத்துக்குமேல் பிடிக்காது. ஆனாலும் பிரித்தானியர் ஆண்ட காலம் முழுவதும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே பெரிய தூரம் இருந்தது. கோட்டையில் காரியாலயம் வைத்திருந்த ஐரோப்பியக் கம்பனிகளுக்குச் சட்டம் ஆக்கும் சபையில் தமக்கென்று ஒரு குரல் இருந்தது. பிரதான வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிக்கு, ‘வியாபாரி’ என்ற முறையில் அப்படியொரு குரல் ஒருநாளும் கிடைக்கவில்லை.

“எங்கட ஆக்கள் யாவாரத்தில பெரிய ஆக்கள்” என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அது பொய்யல்ல. ஆனால் அந்த யாவாரத்தைக் கட்டுப்படுத்திய தீர்வை, துறைமுகக் கட்டணம், கடன் பற்றிய சட்டங்கள் எல்லாம் ஆக்கப்பட்ட இடத்தில் எங்கட ஆக்களுக்காகப் பேச யார் இருந்தார் என்பதை நாம் அதிகம் கேட்டதில்லை. ஒரு வர்த்தக சங்கம் சட்டமன்றத்துக்குள் எப்படி நுழைந்தது, எவ்வளவு காலம் அங்கே இருந்தது, பிறகு எப்படி வெளியே வந்தது என்ற வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கும் விடை தெரியும்.

சம்மேளனத்தின் பிறப்பு

கோல்புறூக், கமரன் ஆகியோரின் சிபாரிசுப்படி 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதில் உத்தியோகத்தர் 9 பேர், உத்தியோகப்பற்றற்றோர் 6 பேர். இந்த ஆறில் மூன்று ஐரோப்பியருக்கு. மீதி மூன்றும் சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. முஸ்லிம்களுக்கென்று ஒன்றுமில்லை. அதே காலத்தில்தான் அரசாங்கத்தின் கறுவா ஏகபோகமும் ஒழிந்தது. தனியார் வர்த்தகத்துக்குக் கதவு திறந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின.

இந்தச் சூழலில் 1839 மார்ச் 25ஆம் திகதி இலங்கை வர்த்தக சம்மேளனம் உருவானது. அதன் தொடக்ககால அங்கத்தவர்கள் பிரித்தானிய ஏற்றுமதி இறக்குமதிக் கம்பனிகளைச் சேர்ந்தவர்கள். 1854இல் தோட்டக்காரர் சங்கமும் வந்தது. சபையிலிருந்த ஐரோப்பிய ஆசனங்கள் மூன்றும் காலப்போக்கில் வர்த்தகருக்கு ஒன்று, தோட்டத்துரைமாருக்கு ஒன்று, பொது ஐரோப்பியருக்கு ஒன்று என்று பிரிந்துகொண்டன. நியமிப்பவர் தேசாதிபதிதான். என்றாலும் வர்த்தக உறுப்பினர் விடயத்தில் சம்மேளனத்தின் விருப்பத்தை ஒதுக்கிவிட்டுப் போவது எளிதான காரியமாக இருக்கவில்லை.

இந்தச் சங்கத்தின் பலம் 1864இல் தெரியவந்தது. இலங்கையில் நிறுத்தப்பட்ட படையின் செலவை இலங்கையின் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்று லண்டன் பணித்தது. உத்தியோகத்தர் பெரும்பான்மையைக் கொண்டு வரவுசெலவுச் சட்டத்தை நிறைவேற்ற அரசு முனைந்தபோது, ஜோர்ஜ் வோல் தலைமையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். வோல் தோட்டமும் வர்த்தகமும் செய்தவர்; சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். அடுத்த வருடம் அவரும் சார்ல்ஸ் லொறன்ஸ் போன்ற பறங்கியத் தலைவர்களும் சேர்ந்து ‘சிலோன் லீக்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நாட்டின் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் நாட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல உரிமை வேண்டும் என்பதே அவர்களின் வாதம்.

அந்த வாதம் நியாயமானது. ஆனால் ‘நாட்டில் இருப்பவர்கள்’ என்ற சொல்லுக்குள் புறக்கோட்டைச் சோனகர் அடங்கவில்லை. பதவி விலகுவதற்குக்கூட ஒரு பதவி வேண்டும். நமக்கு அது கிடைக்க இன்னும் 25 வருடங்கள் இருந்தன.

கேட்டுப் பெற்ற காலம்

அந்த 25 வருடங்களில் நமது பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களிடம் இருந்த வழி விண்ணப்பமும் தனிப்பட்ட செல்வாக்கும்தான். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரின் கதை எல்லோருக்கும் தெரியும். 1877இல் நூதனசாலை திறக்கப்பட்டபோது, என்ன சன்மானம் வேண்டும் என்று தேசாதிபதி கிறெகரி அவரிடம் கேட்டாராம். தனக்கென்று ஒன்றும் கேட்காமல், வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மரைக்கார் கேட்டாராம். வழிவழியாக வரும் செய்தி இது. கேட்டவரின் ஈமானையும் தன்மானத்தையும் நாம் மெச்சுகிறோம். ஆனால் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். தேசாதிபதி கேட்டார், அதனால் சொன்னார். அவர் கேட்காமல் விட்டிருந்தால்?

சம்மேளனம் அப்படிக் காத்திருக்கவில்லை. இறங்குதுறை, அலைதடுப்புச் சுவர், கண்டிக்கான ரயில் பாதை, ஏற்றுமதித் தீர்வை என்று ஒவ்வொன்றிலும் தன் கருத்தை எழுத்தில் வைத்தது. பிறகு சபைக்குள்ளும் பேசவைத்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. அந்த ஏலமும் பின்னர் சம்மேளனத்தின் ஏற்பாட்டில் நடந்துவந்தது. 1895இல் அது சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்டது. விண்ணப்பமும் ஆசனமும் ஒரே கையில் இருந்ததுதான் அதன் பலம்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர்தான் என்று வாதிடும் கட்டுரையை றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்தார். அதற்குப் பின்னால் ஆசனக் கணக்கு ஒன்று இருந்ததாகவே நமது மக்கள் புரிந்துகொண்டார்கள். சோனகர் தமிழரேயானால் தனி ஆசனம் எதற்கு? அறிஞர் சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ 1882 முதல் வளர்த்த விழிப்புணர்ச்சி இங்கே பயன்பட்டது. 1889இல் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் தொகை 6இலிருந்து 8ஆகியது. கண்டிச் சிங்களவருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. எம். சீ. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினரானார். இராமநாதனுக்கு விரிவான மறுப்பை ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய வர்த்தகர் சபைக்குள் நுழைந்தது ‘வர்த்தகம்’ என்ற பெயரிலும், ‘ஐரோப்பியர்’ என்ற பெயரிலும். நாம் நுழைந்தது ‘இனம்’ என்ற ஒரே பெயரில். நமது உறுப்பினர் ஒருவரே விவாகப் பதிவையும் பள்ளிக்கூடத்தையும் மையவாடியையும் பேச வேண்டும். கடைத்தெருவின் கஷ்டத்தையும் பேச வேண்டும். அதுவும் தேசாதிபதி தெரிந்தெடுத்த நியமன உறுப்பினராக இருந்துகொண்டு.

1915இன் கணக்கு

1910இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் இந்த வித்தியாசத்தைக் கூட்டியது. உத்தியோகப்பற்றற்றோர் பத்துப் பேரில் நால்வரைத் தெரிவு செய்ய இடம் கொடுத்தார்கள்: ஐரோப்பியருக்கு இரண்டு, பறங்கியருக்கு ஒன்று, படித்த இலங்கையருக்கு ஒன்று. முஸ்லிம் ஆசனம் நியமனமாகவே இருந்தது.

ஐந்து வருடங்கள் கழித்து, 1915 மே கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரம் கம்பளை, கொழும்பு என்று பரவியது. அரச கணக்குப்படி சூறையாடப்பட்ட கடைகள் 4,000க்கும் அதிகம். எரிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 17. பெரும் அடி விழுந்தது சிறுகடை வியாபாரத்தின்மேல்.

பிறகு கலவர நட்டஈட்டுக்கென்று சட்டம் வந்தது. நட்டத்தை மதிப்பிட்டு, அந்தந்தப் பகுதியில் வாழ்ந்த சிங்களவரிடமிருந்து பணம் அறவிடுவது அதன் வழி. குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. கடையை இழந்தவனுக்குக் காசு வந்ததுதான். ஆனால் அந்தக் காசோடு அயலவனின் மனக்கசப்பும் சேர்ந்து வந்தது. இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராக இராமநாதன் சபையில் ஓங்கிக் குரல் கொடுத்தார். அந்தப் பேச்சு சிங்கள மக்களிடம் அவரை வீரராக்கியது. சபையில் அப்போதிருந்த ஒரேயொரு முஸ்லிம் உறுப்பினர் டபிள்யூ. எம். அப்துல் ரஹ்மான். கடைக்காரர்களுக்கு ஒரு சங்கமும் அந்தச் சங்கத்துக்கு ஒரு ஆசனமும் இருந்திருந்தால், அயலவனைப் பகைக்காத நட்டஈட்டு முறை ஒன்றை முன்வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆசனத்தின் உச்சமும் முடிவும்

1920இன் மனிங் சீர்திருத்தம் வர்த்தக சங்கங்களுக்கு நேரடியாகவே தேர்தல் உரிமை கொடுத்தது. இலங்கை வர்த்தக சம்மேளனத்துக்கு ஒரு ஆசனம். 1908இல் தொடங்கிய கீழ்நாட்டு விளைபொருட் சங்கத்துக்கு ஒரு ஆசனம். பின்னது தென்னை போன்ற பயிர்களில் முதலிட்ட உள்நாட்டுச் செல்வந்தர்களின், பெரும்பாலும் கரையோரச் சிங்களவரின் சங்கம். அவர்கள் ஐரோப்பியரைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள்: முதலில் சங்கம், பிறகு ஆசனம். நமது வியாபாரிகளோ அன்றும் ஒரே நியமன ஆசனத்தின் நிழலில்தான் நின்றார்கள்.

1924 தேர்தலில் நிலைமை மாறியது. முஸ்லிம்கள் முதன்முறையாக வாக்களித்து மூவரைத் தெரிவு செய்தார்கள்: மாணிக்க வர்த்தகக் குடும்பத்தைச் சேர்ந்த முஹம்மத் மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர், ஸாஹிராக் கல்லூரி அதிபர் ரீ. பி. ஜாயா. முஸ்லிம் விவாக, விவாகரத்துப் பதிவுச் சட்டம் 1929இலும், மரணசாசனமில்லா உரிமையும் வக்புகளும் பற்றிய சட்டம் 1931இலும் வந்தன. சமூகம் என்ற வகையில் ஆசனம் பலன் தந்தது. வியாபாரம் என்ற வகையில் வெற்றிடம் அப்படியே கிடந்தது.

அந்த வெற்றிடத்தின் விலை கடனில் தெரிந்தது. ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கு நேரே கடன் கொடுப்பது அரிது. வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் தெருவில் கூடிய வட்டிக்கு அது வியாபாரிக்கு வரும். 1925இல் வங்கிகள் செட்டியார்களுக்கான கடனை இறுக்கியபோது, அந்த இறுக்கம் கடைசியில் புறக்கோட்டைக் கல்லாப்பெட்டியில் வந்து நின்றது. வங்கிகளின் கூட்டாளிகள் இருந்த சம்மேளனத்துக்கு இதை மாற்றும் அவசரம் இருக்கவில்லை. 1934இல் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு இதை ஆராய்ந்தது. அரச உதவியுடன் இலங்கை வங்கி 1939 ஓகஸ்டில்தான் கதவு திறந்தது. அதைச் செய்தது வர்த்தக ஆசனமல்ல. சர்வசன வாக்குரிமையில் தெரிவான அரசாங்க சபை.

ஏனென்றால் அதற்குள் ஆட்டத்தின் விதியே மாறிவிட்டிருந்தது. டொனமூர் ஆணைக்குழு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நாட்டைப் பிடித்த நோயாகக் கண்டது. 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்கு வந்தது. அதோடு முஸ்லிம் ஆசனங்களும் போயின. சம்மேளனத்தின் ஆசனமும் போயிற்று. இரண்டு பேரும் ஒரே நாளில் வாசலுக்கு வெளியே வந்தார்கள்.

வெளியே வந்த பிறகு இரண்டு பேரும் நடந்த விதம்தான் வேறு. மாக்கான் மாக்கார் மட்டக்களப்புத் தெற்குக்குப் போய் அங்குள்ள மக்களின் வாக்கைக் கேட்டு வென்றார். போக்குவரத்து, மராமத்து அமைச்சருமானார். காலியின் மாணிக்க வர்த்தகக் குடும்பத்து மனிதர் ஒருவர் கிழக்கின் விவசாயிகளுக்காகப் பேசும் நிலை வந்தது. 1936இல் ஜாயாவும் ராசிக்கும் (பின்னாளைய சேர் ராசிக் பரீத்) நியமன உறுப்பினராக உள்ளே போனார்கள். 1945 நவம்பரில் புதிய அரசியலமைப்புக்கு ஆதரவாக ஜாயா நின்றார். சபை 51க்கு 3 என்ற வாக்கில் அதை ஏற்றது. நமது தலைமை தனி ஆசனத்தை விட்டு, பொதுவான அரசியலில் நம்பிக்கை வைத்தது.

சம்மேளனம் ஆசனத்தை இழந்தாலும் விண்ணப்பத்தை விடவில்லை. கைத்தொழில், வர்த்தகத்துக்கான நிறைவேற்றுக் குழுவை அணுகியது. 1947க்குப் பிறகு பிரதிநிதிகள் சபையின் 6 நியமன ஆசனங்களும் மூதவையும் ஐரோப்பிய நலன்களுக்குக் கொஞ்சக் காலம் உதவின. 1971இல் மூதவையும் 1972இல் நியமன ஆசனங்களும் ஒழிந்தன. சம்மேளனம் அன்றும் ஒழியவில்லை. உள்நாட்டவர் தலைமைக்கு வந்தார்கள். இன்றும் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அதன் யோசனைகள் அரசின் மேசைக்குப் போகின்றன.

நமக்குள்ள பாடம்

2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும், 2019இல் மினுவாங்கொடையிலும் நமது கடைகள் எரிந்தன. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் ஒன்று உருவாக்கப்பட்டது. இப்படியான ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும்போது, அதை வரிவரியாக வாசித்து, கடைக்காரனின் கண்ணால் பார்த்து, திருத்தம் எழுதிக் கொடுக்க நம்மிடம் எத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள்? எரிந்த பிறகு பள்ளிவாசலில் கூடுகிறோம். அமைச்சரைக் காணப் போகிறோம். “எங்கட ஆக்களுக்கு ஏதாவது செஞ்சு தாங்க” என்று கேட்கிறோம். வாப்பிச்சி மரைக்கார் காலத்தின் வழி அது. தேசாதிபதி கேட்டால்தான் நாம் சொல்லலாம்.

ஆசனம் மீண்டும் வராது, வரவும் தேவையில்லை. வியாபாரத்துக்குத் தனி ஆசனம் என்பது பணம் உள்ளவனுக்கு இரண்டாவது வாக்கு. அதை ஒழித்தது சரி. ஆனால் கோட்டையின் வர்த்தகர்கள் ஆசனத்தோடு சேர்த்து இன்னொன்றையும் வைத்திருந்தார்கள்: ஒழுங்கான கூட்டறிக்கை, புள்ளிவிவரம், சட்டமூலத்தை வாசிக்கும் பழக்கம், ஒரு வருடம் விடாத தொடர்ச்சி. அதை யாரும் சட்டத்தால் ஒழிக்கவில்லை. யாரும் தர வேண்டியதுமில்லை. புறக்கோட்டைக் கடைக்காரரும், கொட்டாஞ்சேனைக் களஞ்சியக்காரரும், வெள்ளவத்தையில் குடியிருந்து காலையில் கடைக்கு வரும் இளைய தலைமுறையும் கூடி அமர்ந்தால் அதை நாளைக்கே தொடங்கலாம். அந்த மேசையில் தமிழ், சிங்கள வியாபாரிகளுக்கும் இடமிருக்க வேண்டும். 1915இன் நட்டஈடு நமக்குத் தந்த பாடம் அதுதான்.