மணலைக் கேட்டு எடுத்த முடிவு

1960-இல் குஜராத்தின் அங்கலேஷ்வர் எண்ணெய் வயல் தந்த உற்சாகத்தைப் பலோல் தரவில்லை. அங்கலேஷ்வரின் எண்ணெய் இலேசானது. தானாகவே மேலே வந்தது. பத்தாண்டுகள் கழித்து, வட குஜராத்தின் மெஹ்சானா பகுதியில் பலோல், சந்தால், லன்வா, பெச்ராஜி என்று ஓ.என்.ஜி.சி. கண்டெடுத்த வயல்களின் குணமே வேறு. பலோல் எண்ணெயின் ஏ.பி.ஐ. அளவு 15, 16 தான்; இந்த எண் குறையக் குறைய எண்ணெய் கனம். தரைக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், 70 டிகிரி சூட்டிலும்கூட அது தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு பிசுபிசுப்பு.

எண்ணெயை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதைத் தாங்கி நிற்கும் மணலும் சேர்ந்தே படுத்தியது. கலோல் என்ற பாறையடுக்கைச் சேர்ந்த, நன்றாக இறுகாத மணற்பாறை அது. துளைகள் தாராளம், ஊடுருவும் தன்மையும் அதிகம். ஆனால் கொஞ்சம் வேகமாக இழுத்தால் எண்ணெயோடு மணலும் கிளம்பிக் கிணற்றை அடைக்கும். ஓரத்தில் வலுவான நீர்ப்படுகை வேறு. தடித்த எண்ணெயை நகர்த்த மாட்டாத அந்த நீர், அதைச் சுற்றிக்கொண்டு முந்தி வந்துவிடும். இயற்கை உந்தலை மட்டும் நம்பினால் பலோலில் இருப்பதில் 13 சதவீதம் அளவில்தான் கிடைக்கும் என்பது கணக்கு. மிச்சம் மண்ணுக்கே.

அப்படியானால் எந்த முறை? கன எண்ணெய் என்றதும் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வருவது நீராவி. கலிஃபோர்னியாவில் அது சக்கைப்போடு போட்டது. மெஹ்சானாவில் ஆழமும் அழுத்தமும் குறுக்கே நின்றன. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ அழுத்தத்தில் நீராவி 300 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். ஆனால் அது சுமக்கும் உள்ளுறை வெப்பமோ, சாதாரண அழுத்தத்தில் சுமப்பதில் 60 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதிலும் ஒரு பங்கு 1,000 மீட்டர் குழாய் வழியிலேயே கரைந்துபோகும். இன்னொரு சங்கடமும் உண்டு. நீராவி குளிர்ந்தால் உப்பில்லாத நன்னீர். களிமண் கலந்த மணலுக்கு நன்னீர் ஆகாது. ஒருவகைக் களிமண் ஊதிப் பெருக்கும், இன்னொரு வகை துகளாக உதிர்ந்து துளைகளின் கழுத்தை அடைக்கும். எண்ணெயை இளக்கப் போய் வழியை மூடிவிட்டு வந்த கதையாகும். பாலிமர் கலந்த நீரைச் செலுத்தும் முறை இதைவிடப் பிசுபிசுப்புக் குறைந்த எண்ணெய்க்கு ஏற்றது. பலோலின் தடிப்புக்கு அது போதாது.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது, கேட்டாலே தயங்க வைக்கும் வழி: பூமிக்குள்ளேயே நெருப்பு வைப்பது. காற்றை அழுத்திச் செலுத்தி, எண்ணெயின் கனமான ஒரு சிறு பகுதியை எரித்து, அந்தச் சூட்டால் மீதியை இளக்கி முன்னே தள்ளுவது. வெப்பம் பிறக்கும் இடம் படுகையே என்பதால் குழாய் வழி இழப்பு இல்லை. மேலிருந்து நன்னீரை ஊற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம். எண்ணெயைப் பார்த்து இந்த முறையைத் தேர்ந்தார்கள் என்றே பலரும் சொல்வார்கள். என் கணிப்பில், மணலும் ஆழமும் சேர்ந்துதான் தேர்ந்தன.

1978-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட, ஓ.என்.ஜி.சி.யின் ரிசர்வாயர் ஆய்வு நிறுவனத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. எரிகுழாய்ச் சோதனை என்று ஒன்று உண்டு. மணலையும் எண்ணெயையும் குழாயில் திணித்து ஒரு முனையில் பற்றவைத்து, எவ்வளவு எண்ணெய் விறகாகிறது, அதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அளப்பார்கள். இந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் கம்ப்ரசர் வாங்கக்கூட முடியாது. 1990-இல் பலோலில் முன்னோடிச் சோதனை தொடங்கியது. 1997-இல் பலோலிலும் சந்தாலிலும் வணிக அளவுக்கு விரிந்தது. எடுக்கக்கூடிய பங்கு 40 சதவீதம் வரை உயரலாம் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு.

நெருப்பு வைத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காற்றை நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்ததுதான் பெரிய வேலை. கம்ப்ரசர் நின்றால் படுகையிலிருந்து எண்ணெய் பின்வாங்கி, காற்றைச் செலுத்தும் கிணற்றுக்குள் நுழையும். மறுபடி காற்று வரும்போது வெடிக்கும் அபாயம். அதனால் கம்ப்ரசர் நின்ற கையோடு கிணற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்ப்ரசருக்குச் சாதாரண கனிம மசகெண்ணெயும் ஆபத்தானது. அதன் படிவு உயர் அழுத்தக் காற்றில் தானே பற்றிக்கொள்ளும். செயற்கை மசகெண்ணெய்தான் பாதுகாப்பு.

உற்பத்திக் கிணறுகளிலிருந்து வரும் புகைவாயுவே உள்ளே நடப்பதைச் சொல்லும். கரியமில வாயு தக்க அளவில் இருந்தால் நெருப்பு செவ்வனே எரிகிறது. அது குறைந்தால் உள்ளே எரிதல் இல்லை, வெறும் புழுங்கல். அந்தப் புழுங்கல் எண்ணெயை இளக்காது, இன்னும் தடிப்பாக்கும். ஆக்சிஜன் தலைகாட்டினாலோ உற்பத்திக் கிணற்றையே மூட வேண்டிவரும். புகைவாயு அரித்த குழாய்கள், எளிதில் பிரியாத எண்ணெய்-நீர்க் குழம்பு என்று மேற்பரப்பிலும் தலைவலிக்குக் குறைவில்லை.

காற்றுக் கிணறுகளை எங்கே வைப்பது என்பதிலும் பாடம் இருந்தது. ருமேனியாவின் சுப்லாகு வயலில் 1964-இல் தொடங்கிய எரிப்பு, 1979-க்குப் பிறகு தனித்தனிக் கட்டங்களாக இல்லாமல், மேட்டிலிருந்து சரிவை நோக்கி ஒரே வரிசையாக நகர்த்தப்பட்டது. அங்கே ஆழம் 200 மீட்டருக்குள், மெஹ்சானாவில் 1,000. ஆனாலும் இங்கேயும் மேட்டு வரிசைதான் கைகொடுத்தது. சூடான எண்ணெய் புவியீர்ப்பின் துணையோடு கீழ்நோக்கி வடியும், வாயு மேட்டிலேயே தங்கும்.

இத்தனைக்குப் பிறகும் நீராவியை ஓ.என்.ஜி.சி. ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. லன்வாவின் எண்ணெய் பலோலைவிடத் தடிப்பு. அங்கே ஒரே கிணற்றில் நீராவியைச் செலுத்தி, ஊறவிட்டு, அதே கிணற்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையையும் முயன்றார்கள்.