யாருடைய அறுவடை? பங்குனிப் பொங்கல் பற்றிச் சில குறிப்புகள்

'அறுவடைத் திருநாள்' என்ற சொல்லை நாம் யோசிக்காமலே புழங்கி வருகிறோம். நிலம், விளைச்சல், நன்றி என்று ஒரு நேர்கோடு. காவிரிப் படுகைக்கு அது பொருந்தலாம். விருதுநகர், சாத்தூர், சிவகாசிக் கரிசலில் பொருந்தவில்லை. எங்க பக்கம் "பொங்கலுக்கு வந்துருங்க" என்றால், தையா பங்குனியா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. விருதுநகரில் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். சிவகாசியில் பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல். ஊர் திரள்வது இவற்றுக்குத்தான். தைப்பொங்கல் வீட்டு வாசலோடு சரி.

இதை வெறும் பெயர்க் குழப்பமாகப் பார்க்க முடியவில்லை. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் தையை ஒட்டிக் களத்துக்கு வரும். காசுப் பயிரான பருத்தியும் மிளகாயும் கைக்கு வருவது மாசி, பங்குனியில். கண்மாய் நிறைந்த வருசத்தில் அதன் கீழே கொஞ்சம் நெல். மற்றபடி நெல்லுச்சோறு என்பது ஒரு காலத்தில் நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும். ஆக, அறுவடைத் திருநாளன்று இங்கே பானையில் பொங்கியது பெரும்பாலும் வேறு சீமையின் அறுவடை.

பங்குனியை வெக்கை, அம்மைநோய், மாரி என்று விளக்குவது வழக்கம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது சந்தையின் மாதமும்கூட. பருத்திப் பொதியும் வத்தல் மூட்டையும் விருதுநகர் பஜாரில் இறங்குகிற காலம். மூட்டைக்கு இவ்வளவு என்று சரக்கின்மேல் உறவின்முறை வைத்த மகமை, பேட்டையாக, கிணறாக, கோயிலாக மாறியது. 1889இல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடமும் ஆனது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. இடையில் 1899இல் சிவகாசி பற்றி எரிந்தது. அடுத்தவன் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்துக்குத் தன் அம்மன், தன் கொடியேற்றம், தன் பொங்கல் என்பது வெறும் பக்தி சமாச்சாரம் இல்லை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நூலிலிருந்து இன்றுவரை இந்த எழுச்சி பல முறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் மகமை எந்தச் சரக்கின்மேல் விழுந்தது என்று கேட்கிறோமே தவிர, அந்தச் சரக்குக்குள் யாருடைய உழைப்பு இருந்தது என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குக் கூர்மையாக்கியது ஒரு கொரியப் பழங்கதை. சீனத்திலும் கொரியாவிலும் எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமிதான் அறுவடைத் திருநாள். சீனர்கள் நிலவை வணங்கி, நிலவு வடிவ அப்பத்தைப் பகிர்ந்து உண்கிறார்கள். கொரியர்கள் அதைச் சூசோக் என்கிறார்கள். முன்னோர் சமாதியில் புல் செதுக்கி, புது அரிசி மாவில் பூரணம் வைத்து அவித்த சொங்பியோனை (கிட்டத்தட்ட நம்ம கொழுக்கட்டைதான்) படைக்கிறார்கள். இதன் தோற்றம் பற்றி 1145இல் தொகுக்கப்பட்ட சம்குக் சாகி சொல்வது வேறு. சில்லா நாட்டு யூரி மன்னன் தலைநகரப் பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, இரண்டு அரசகுமாரிகளைத் தலைமைக்கு வைத்து, ஏழாம் மாதம் 16ஆம் நாள் முதல் நெய்ய வைத்தானாம். எட்டாம் மாதம் 15இல் கணக்குப் பார்ப்பு. தோற்ற அணி சோறும் மதுவும் வைக்க வேண்டும். பிறகு பாட்டு, ஆட்டம். இதற்குக் காபே என்று பெயர். தோற்ற பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து ஆடி, 'ஹோசோ ஹோசோ' என்று புலம்பியதும் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கதையில் நெல்லே இல்லை. இருப்பது தறி; எண்ணப்பட்ட பெண் உழைப்பு. அதை விளையாட்டாக மாற்றிக் காட்டுவது அரசனின் தந்திரம் என்றும் வாசிக்கலாம். ஆனாலும் எண்ணிக்கை பிரதியில் நிற்கிறது, புலம்பலும் நிற்கிறது.

இங்கே தலைக்கட்டு என்பது ஆண் பெயரில் எழுதப்படுவது. பெண்ணின் பங்கு தென்படுகிற ஓர் இடம் பிடி அரிசி. உலைக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கிவைத்துக் கொடுத்துத்தான் சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தார்கள். காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது. நெல் அரிதான ஊரில் அரிசியே வரியானதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் 1923. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி தொடங்குகிறார்கள். பின்னாலேயே பட்டாசு. கரிசல் பெண்ணின் பொழுதை அதுவரை வானம் நிர்ணயித்தது. இனி 'தீப்பெட்டி ஆபீஸ்' வண்டியும் வாங்கித் தின்ற அட்வான்சும் நிர்ணயித்தன. கட்டை அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு, பெட்டி ஒட்டினால் குரோசுக்கு, அதாவது 144க்கு, இவ்வளவு. பிள்ளைகளின் விரலும் இந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. காபேயின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. ஆட்டந்தான் இல்லை.

இந்த உழைப்பின் அறுவடைநாள் தீபாவளி. அது எங்கோ வடக்கே வெடிக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் கருகிச் செத்தபோது தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆர்டர் நெருக்குகிற பருவம். 2018இல் உச்சநீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்றபோது, மழை பொய்த்த வருசத்தைப் போலவே வீடுகள் முழித்தன.

பங்குனியில் அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறவர்களில் இந்தப் பெண்கள் நிறையப் பேர். மகமைக் கணக்கைச் சங்கங்கள் பத்திரமாக வைத்திருக்கும். குரோஸ் எழுதிய கூலிச் சிட்டைகள் அரிசிப் பானைக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ மக்கிக்கொண்டிருக்கும். பங்குனிப் பொங்கலைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதலில் அந்தச் சிட்டைகளைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். எழுதியவளே உயிரோடிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை அவள் வாயாலேயே கேட்கலாம்.