கற்பித்தவர் யார்?

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு, ஹார்வி சகோதரர்கள் 1880களில் பஞ்சாலை நிறுவினர். ஏரும் அரிவாளும் அறிந்திருந்த வட்டாரத்துக்கு இயந்திரம் புதிது. உழுபவன் நின்றால் ஏர் நிற்கும். இயந்திரமோ சிக்கிய கைக்காக நிற்பதில்லை.

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரத்துக்கு வேலியிடப் பணித்தது. ஏழு வயது நிரம்பாத சிறுவரை விலக்கியது. ஆயினும் வேலியால் மட்டும் கை காக்கப்படுவதில்லை; அதை இயக்குபவர் வேலையைக் கற்றிருக்கவும் வேண்டுமன்றோ?

1948ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிசெய்தது. ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெயிட வேண்டுமாயின், தனிப்பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் இடம்பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளியே, இறுக்கமான உடையணிந்து, அதனை அணுகலாம் என்றது. ஆபத்தான இயந்திரத்தில் இளையோரை அமர்த்துமுன், அதன் ஆபத்தை முழுமையாக விளக்கி, போதிய பயிற்சியோ தேர்ந்தவரின் மேற்பார்வையோ அளிக்கப் பணித்தது. 1984இல் போபாலில் நேர்ந்த பேரழிவுக்குப் பின், 1987இன் திருத்தம் பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாகவே ஆக்கியது.

விரலிழந்தவரைக் கவனமற்றவர் என்று சொல்லிவிடுதல் நமக்கு எளிது. அவருக்கு அவ்வேலையைக் கற்பித்தவர் யார் என்று முதலில் கேட்போம். நீதி அங்கிருந்தே தொடங்குகிறது.