வழியும் மாற்று வழியும்

உப்புக்குப் பெயர்பெற்றது புத்தளம். அவ்வுப்பு கொழும்பை அடைவதற்கு முற்காலத்தில் இரு வழிகள் இருந்தன. ஒன்று கடல், மற்றொன்று, ஒல்லாந்தர் காலத்திலே களப்புகளை இணைத்துச் சிலாபம், நீர்கொழும்பு ஊடாக அமைந்த வாய்க்கால். தென்மேற்குப் பருவக்காற்றிலே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வாய்க்காலே துணை. 1926இல் புகையிரதம் புத்தளத்தை எட்டியதும் மூன்றாவது வழியும் பிறந்தது. ஆயினும், வழிகள் பல இருந்தால் மட்டும் போதாது. எவ்வழி திறந்துள்ளது என்ற செய்தியும் உரிய வேளையில் கிடைத்தல் வேண்டும்.

இத்தேவையே பிற்காலத்தில் இணையத்துக்கும் நேர்ந்தது. 1989 சனவரியில், அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் கூடிய பொறியியலாளருள் கர்க் லொகீட், யாக்கோவ் ரெக்டர் என்னும் இருவர், உணவு மேசையிற் கிடந்த கைதுடைக்கும் தாள்களில் ஒரு நெறிமுறையை வரைந்தனர். எல்லை நுழைவாயில் நெறிமுறை என்பது அதன் பெயர். அதன்படி, ஒவ்வொரு வலையமைப்பும் தன் வழியே அடையத்தக்க முகவரிகளை அண்டை வலையமைப்புக்கு அறிவிக்கும். 'உயிருடன் உள்ளேன்' என்று இடையிடையே குறிப்பும் அனுப்பும். 2006இல் வெளியான விதிநூல் பரிந்துரைக்கும் எல்லை 90 நொடி. அதுவரை அண்டையிலிருந்து ஒலியே இல்லையெனில் அவ்வழி கைவிடப்பட்டு வேறு வழி தெரியப்படும்.

தடையற்ற தொடர்பை வேண்டும் வங்கியோ மருத்துவமனையோ இரண்டு ரவுட்டர்களை நிறுவிச் சேவை வழங்குநருடன் இணைத்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் கணினிகளோ ஒரே வாயிலைத்தான் அறியும். ஆதலின், இரு ரவுட்டர்களும் ஒரே முகவரியைப் பகிரும் முறை 1998இல் வகுக்கப்பட்டது. தலைமைக் கருவி நொடிக்கொரு முறை தன் இருப்பை உணர்த்தும். மூன்று நொடிக்கு மேல் மௌனமாயின் துணைக் கருவி அம்முகவரியை ஏற்கும்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை எஞ்சலாம். 2004 ஆகஸ்டில், கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியது. பெருமளவு அந்த ஒரே வடத்தை நம்பியிருந்த இலங்கையின் இணையத் தொடர்பு தடைப்பட்டது. அந்நாளில் எத்துணை ரவுட்டர்களை அடுக்கிவைத்திருந்தாலும் பயன் என்ன? இரு தோணிகள் இருந்தும் வாய்க்கால் ஒன்றே, அதுவும் தூர்ந்துபோயிற்று! பின்னாளில் கொழும்பிலும் மாத்தறையிலும் வேறு வடங்கள் கரையேறின.

ஆகவே, மாற்று இணைப்புப் பெறுவோர் கருவிகளின் எண்ணிக்கையோடு மனநிறைவு கொள்ளலாகாது. அவ்விரு இணைப்புகளும் எந்தக் கம்பத்தில், எந்த வடத்தில், எந்த நிலையத்தில் ஒன்று சேர்கின்றன என்று கேட்டறிதல் வேண்டும். அவை ஒன்று சேரும் இடத்திலேயே முறிவு நேருமாயின், இரு வழிகளும் ஒருங்கே அடைபட்டுவிடும்.